இரண்டு கைக்கடிகாரங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

என் முதல் சுற்றுலாக் கப்பல் பயணத்தின் முதல் இரவு. சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் இரண்டு மணிக்கட்டிலும் கடிகாரம் கட்டியிருந்தார். இரண்டும் சாவி கொடுத்து ஓடும் பழைய கடிகாரங்கள். தண்ணீர்க் குவளையை எடுக்க அவர் கையை நீட்டியபோதுதான் கவனித்தேன், இரண்டும் வெவ்வேறு நேரம் காட்டின. கேட்காமல் இருக்க முடியவில்லை. "இடது கையில் இருப்பது கப்பல் நேரம், வலது கையில் இருப்பது கரை நேரம். கரையில் இறங்கிவிட்டால் இடது கையை மட்டும் நம்புங்கள்" என்றார். முப்பது பயணங்களுக்கு மேல் போய்வந்தவர் அவர். அன்று அதைக் கேட்டுத் தலையாட்டினேன். அதன் பொருள் விளங்க எனக்கு மூன்றாவது பயணம் வரை ஆனது.

அந்த மூன்றாவது பயணத்தில் ஒரு தீவில் காலையில் இறங்கினோம். தீவின் நேரம் கப்பல் நேரத்தைவிட ஒரு மணி பின்தங்கியது. ஒரு பகல் மட்டுமே நிற்கும் துறைமுகத்துக்காகப் பல கப்பல்கள் தங்கள் கடிகாரத்தை மாற்றிக்கொள்வதில்லை. ஒலிபெருக்கியில் சொல்லியிருக்கிறார்கள், நாங்கள் காதில் வாங்கவில்லை. கரையில் கால் வைத்ததும் கைப்பேசி அங்குள்ள கோபுரத்தின் அலையைப் பிடித்துத் தானாகவே ஒரு மணி நேரம் பின்னால் போய்விட்டது. கடற்கரையில் நிம்மதியாக உட்கார்ந்திருந்தபோது அது 3.10 என்று காட்டியது. கப்பலுக்குத் திரும்பவேண்டிய கடைசி நேரம் 4.30. என் கணவர் தற்செயலாகத் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அதில் 4.10. இருவரும் ஒன்றும் பேசவில்லை, ஓடினோம். நடைபாலத்தின் அடியில் கப்பலில் கொடுத்த அடையாள அட்டையைக் காட்டியபோது 4.27. அன்று மாலை முழுவதும் என் கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன.

பிழைத்தோம். பிழைக்காதவர்களையும் பார்த்திருக்கிறேன். இன்னொரு பயணத்தில் மேல்தளத்தில் நின்றுகொண்டிருந்தேன். நடைபாலத்தை உள்ளே இழுத்துவிட்டார்கள். கரையிலிருந்த முளைகளிலிருந்து வடங்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். அப்போது துறைமுக வாசலிலிருந்து இரண்டு பேர் பைகளோடு ஓடிவந்தார்கள். கப்பலுக்கும் கரைக்கும் நடுவே தெரிந்த தண்ணீர் முதலில் ஒரு முழம், பிறகு ஒரு ஆள் உயரம், பிறகு யாராலும் தாண்ட முடியாத அகலம். தளத்தில் சிலர் கைதட்டிக் கூச்சலிட்டார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. அந்தப் பெண் பையைத் தரையில் வைத்துவிட்டு அப்படியே அதன்மேல் உட்கார்ந்ததை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. அவர்களுடைய அறையின் பெட்டகத்திலிருந்து பாஸ்போர்ட்டுகளை எடுத்துத் கப்பல் நிறுவனத்துக்காகக் கரையில் வேலைகளைக் கவனிக்கும் துறைமுக முகவரிடம் கொடுத்துவிட்டே கப்பல் கிளம்பியது என்று பிறகு ஒரு பணியாளர் சொன்னார். அடுத்த துறைமுகத்துக்கு அவர்கள் சொந்தச் செலவில் வந்துசேர வேண்டும்.

கப்பல் ஏன் காத்திருப்பதில்லை என்று கோபப்படுபவர்கள் உண்டு. கப்பலைத் துறைமுகத்துக்குள் கொண்டுவரவும் வெளியே கொண்டுபோகவும் வழிகாட்டும் துறைமுகத்து வழிகாட்டி மாலுமி குறித்த நேரத்துக்கு வந்து நிற்கிறார். அந்த இடத்தில் கட்டுவதற்கு வேறொரு கப்பல் வந்துகொண்டிருக்கலாம். இழந்த நேரத்தைக் கடலில் ஈடுகட்ட வேகத்தைக் கூட்டினால் எரிபொருள் செலவு பல மடங்கு ஏறுகிறது. பெரிய கப்பலின் வழக்கமான வேகம் ஏறக்குறைய 20 நாட், அதாவது மணிக்கு 37 கிலோமீட்டர்தான். விரட்டிப் பிடிக்க அதிக இடம் இல்லை.

ஆகவே அடிக்கடி போகிறவர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வது இது. கப்பல் நிறுவனமே ஏற்பாடு செய்யும் சுற்றுலாவில் போனால், தாமதமானாலும் கப்பல் காத்திருக்கும், அல்லது உங்களை அடுத்த துறைமுகத்தில் கொண்டுவந்து சேர்க்கும் பொறுப்பை ஏற்கும். தனியாகப் போனால் செலவு குறையும், கூட்டமும் இருக்காது, ஆனால் நேரம் முழுக்க உங்கள் பொறுப்பு. நான் தனியாகத்தான் போகிறேன். கடைசி நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே கப்பலின் கண்ணுக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிடுகிறேன். அறைக்குத் தினமும் வரும் நிகழ்ச்சி நிரல் தாளில் துறைமுக முகவரின் தொலைபேசி எண் அச்சாகியிருக்கும். அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொள்ளாமல் நான் இறங்குவதில்லை.

இதே காரணத்துக்காகத்தான் கப்பல் புறப்படும் ஊருக்கு ஒரு நாள் முன்பே போய்ச் சேருங்கள் என்று மன்றாடிச் சொல்வேன். அன்று காலை விமானத்தில் வந்து அன்று மாலையே கப்பல் ஏறலாம் என்று திட்டமிடுகிறவர்கள் ஒரு மூடுபனியில் மொத்தப் பயணத்தையும் இழந்துவிடுகிறார்கள்.

துறைமுகத்தில் பெரிய கப்பலைக் கரையோரம் கட்ட முடியாத ஊர்களில் இந்தக் கணக்கு இன்னும் நுட்பமானது. கிரேக்கத்தின் சாந்தோரினித் தீவு அப்படி ஓர் இடம். கப்பல் கடலிலேயே நிற்கும், சிறு படகுகளில் கரைக்குக் கொண்டுபோவார்கள். அடிவாரத் துறையிலிருந்து மலை உச்சியிலுள்ள ஊருக்கு ஏற ஏறக்குறைய 600 படிகள், அல்லது கம்பிவட ஊர்தி (கேபிள் கார்). ஏறும்போது வரிசை இருக்கிறதா என்று எல்லோரும் பார்க்கிறார்கள். இறங்கும்போது மூன்று, நான்கு கப்பல்களின் பயணிகள் ஒரே வரிசையில் நிற்பார்கள் என்பதை யாரும் நினைப்பதில்லை. கடைசிப் படகின் நேரத்தைத்தான் கணக்கில் கொள்ள வேண்டும், கப்பல் கிளம்பும் நேரத்தை அல்ல. முழங்கால் நன்றாக இருந்தால் இறங்குவதற்கு மட்டும் படிகளை வைத்துக்கொள்ளுங்கள்.

இனிப் பாதுகாப்புப் பயிற்சி. அடிக்கடி போகிறவர்களே இதில் அசட்டையாக இருக்கிறார்கள் என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன். 1912இல் டைட்டானிக் மூழ்கிய பிறகு, 1914இல் கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச உடன்படிக்கை முதன்முதலாக உருவானது. அது பல முறை திருத்தப்பட்டிருக்கிறது. நெடுங்காலம், பயணிகள் ஏறி 24 மணி நேரத்துக்குள் பயிற்சி நடத்தினால் போதும் என்று விதி இருந்தது. 2012 ஜனவரி 13 இரவு இத்தாலியின் ஜிலியோ தீவருகே கோஸ்டா கான்கார்டியா என்ற சுற்றுலாக் கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்தது. 32 பேர் இறந்தார்கள். அன்று மாலை அதில் ஏறிய நூற்றுக்கணக்கானவர்களுக்குப் பயிற்சி இன்னும் நடந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு, புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ பயிற்சி நடக்க வேண்டும் என்று விதி மாறியது. 2015இல் அது நடைமுறைக்கு வந்தது.

இப்போது பல கப்பல்களில் காணொளியைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு, ஆபத்து நேரத்தில் கூட வேண்டிய இடத்துக்குப் போய் அட்டையைக் காட்டினால் போதும். பத்து நிமிட வேலை. நான் இன்னொன்றும் செய்கிறேன். அறைக் கதவிலிருந்து படிக்கட்டு வரை எத்தனை கதவுகள் என்று சுவரைத் தொட்டபடி எண்ணிக்கொண்டு நடக்கிறேன். புகையிலும் இருட்டிலும் கண் உதவாது, எண்ணிக்கை உதவும். ஏழு குறுகிய ஒலி, தொடர்ந்து ஒரு நீண்ட ஒலி. அதுதான் அபாய அறிவிப்பு. உங்களோடு வரும் குழந்தைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள்.

அறையைத் தேர்ந்தெடுப்பதைப் பற்றி எத்தனையோ பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். குமட்டல் வரும் உடம்பாக இருந்தால் கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் எடுங்கள். ஊஞ்சலை நினைத்துப் பாருங்கள், கயிறு கட்டிய இடத்துக்கருகே ஆட்டம் இல்லை. அதேபோல மேலே போகப்போக, முனைகளுக்குப் போகப்போக ஆட்டம் கூடும். பக்கவாட்டில் நீட்டிக்கொள்ளும் துடுப்புகள் கப்பல் இடம் வலமாகச் சாய்வதைக் குறைக்கும். முன்னும் பின்னும் ஏறி இறங்குவதை அவற்றால் தடுக்க முடியாது. நீச்சல்குளம் இருக்கும் தளத்துக்கு நேர் கீழே அறை எடுக்காதீர்கள். விடிவதற்கு முன்பே நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம் தலைக்கு மேலே கேட்கும். வரைபடத்தில் உங்கள் அறைக்கு மேலேயும் கீழேயும் என்ன இருக்கிறது என்று பார்ப்பது, அறை எவ்வளவு பெரியது என்று பார்ப்பதைவிட முக்கியம். அறைச் சுவர்கள் பெரும்பாலும் எஃகால் ஆனவை. காந்தக் கொக்கிகள் நான்கைந்து கொண்டுபோனால் தொப்பி, ஈரத் துணி, தாள்கள் எல்லாம் தொங்க இடம் கிடைக்கும். இஸ்திரிப் பெட்டியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். கடலில் தீயைவிடப் பெரிய பயம் கிடையாது, அதனால் அதை வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

குமட்டலுக்கு மாத்திரை உண்டு, காதின் பின்புறம் ஒட்டும் பட்டை உண்டு. எதுவானாலும் புறப்படும் முன்பே உங்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். கண்ணழுத்த நோய் இருப்பவர்களுக்கு அந்தப் பட்டை ஆகாது. குமட்டல் தொடங்கிய பிறகு விழுங்கும் மாத்திரையைவிட, தொடங்கும் முன் விழுங்கும் மாத்திரை நன்றாக வேலை செய்கிறது. மாத்திரை கைவசம் இல்லாதபோது நான் இஞ்சியைச் சிறிது மென்றுகொண்டு திறந்த தளத்துக்குப் போய் அடிவானத்தைப் பார்த்தபடி நிற்பேன். அறைக்குள் படுத்துப் புத்தகம் படிப்பது நிலைமையை மோசமாக்கும்.

கையைக் கழுவுங்கள். வாசலில் வைத்திருக்கும் கிருமிநாசினி, வாந்தி பேதி உண்டாக்கும் நோரோவைரஸுக்கு அவ்வளவாகப் பயன்படாது. சோப்பும் தண்ணீரும்தான் அதைப் போக்கும். ஒரு கப்பலில் ஐந்து நாள் வாந்தி பேதியோடு அறையில் அடைந்துகிடந்த ஒரு குடும்பத்தைப் பார்த்த பிறகு, சாப்பாட்டுக் கூடத்தில் பொதுக் கரண்டியைத் தொட்ட கையோடு நான் உணவை எடுப்பதில்லை.

கைப்பேசியைப் பற்றி ஒரே வரி. கப்பல் கிளம்பியதும் அதை விமானப் பயண நிலைக்கு (ஃபிளைட் மோட்) மாற்றிவிடுங்கள். நடுக்கடலில் அது கப்பலின் செயற்கைக்கோள் வலையமைப்பைப் பிடித்துக்கொண்டால் வரும் கட்டணம் வயிற்றைக் கலக்கும்.

எந்தக் கப்பல் நல்லது என்று கேட்பவர்களிடம், எங்கே போக ஆசை என்றுதான் திருப்பிக் கேட்பேன். அண்டார்டிகாவில் 500 பேருக்கு மேல் ஏற்றிவரும் கப்பலிலிருந்து யாரும் கரையில் இறங்க முடியாது. சிறிய கப்பல்களிலிருந்தும் ஓர் இடத்தில் ஒரே நேரத்தில் 100 பேருக்கு மேல் இறங்கக்கூடாது. பனியில் கால் பதிக்க ஆசைப்பட்டுப் பெரிய கப்பலில் டிக்கெட் வாங்கிவிட்டு, கண்ணாடி வழியே பார்த்துத் திரும்பியவர்களின் ஏமாற்றத்தை நான் கேட்டிருக்கிறேன்.

பணியாளர்களைப் பற்றிச் சொல்லாமல் போக எனக்கு மனம் வராது. அவர்களில் பலர் ஆறு முதல் ஒன்பது மாதம் வரை கப்பலிலேயே இருக்கிறார்கள், பெரும்பாலும் வாரத்தில் ஏழு நாளும் வேலை. 2006இல் உருவாகி 2013இல் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, எந்த 24 மணி நேரத்திலும் குறைந்தது 10 மணி நேர ஓய்வு தரவேண்டும் என்கிறது. பத்து மணி நேர ஓய்வை ஒரு சட்டம் எழுதி உறுதிசெய்ய வேண்டியிருக்கிறது என்றால் அந்த வேலையின் கடுமை புரியும். பணியாளர்களுக்காக நம் அறைக் கணக்கில் சேர்க்கும் அன்றாட அன்பளிப்புத் தொகையைக் கடைசி நாளில் வரிசையில் நின்று நீக்கச் சொல்பவர்களைப் பார்த்தால் எனக்கு வேதனையாக இருக்கிறது. பணியாளரின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பயணம் முடிந்ததும் வரும் கருத்துப் படிவத்தில் அந்தப் பெயரை எழுதுங்கள். மேலதிகாரிகள் அதைப் படிக்கிறார்கள். எங்கள் அறையைப் பராமரித்த இளைஞர் ஒருவர் அப்படி ஒரு வரிக்குப் பிறகு பதவி உயர்வு பெற்றதாக அடுத்த பயணத்தில் எங்களைக் கண்டு ஓடிவந்து சொன்னார்.

ஏறும் நாளில் பெட்டியைத் துறைமுகத்தில் ஒப்படைத்தால் அது அறைக்கு வர மாலையாகலாம். மருந்து, பாஸ்போர்ட், ஒரு மாற்றுடை கைப்பையில் இருக்கட்டும். கடைசி இரவில் பெட்டியை வாசலுக்கு வெளியே வைப்பதற்கு முன், மறுநாள் உடுத்துவதையும் செருப்பையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவிலிருந்து மேற்கு நோக்கி அட்லாண்டிக்கைக் கடந்தோம். அந்தத் திசையில் போகும்போது பல இரவுகளில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள். நாளுக்கு 25 மணி நேரம். கிழக்கு நோக்கி வந்தால் அதே எண்ணிக்கையில் தூக்கம் பறிபோகும். அதனால் பழகியவர்கள் மேற்கு நோக்கிப் போகும் பயணத்தையே விரும்புகிறார்கள். அந்தப் பயணத்தில் நானும் இரண்டு கடிகாரம் கட்டியிருந்தேன். ஒவ்வோர் இரவும் படுக்கும் முன் இடது கைக் கடிகாரத்தின் முள்ளைத் திருப்புவேன்.

கடைசி நாள் விடியலில் தளத்துக்குப் போனேன். சின்னஞ்சிறு படகு ஒன்று எங்கள் கப்பலின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு அதே வேகத்தில் ஓடிவந்தது. மேலிருந்து ஒரு கயிற்றேணியை இறக்கினார்கள். படகு அலையில் மேலெழும் அந்த ஒரு கணத்துக்காகக் காத்திருந்து, வழிகாட்டி மாலுமி ஏணியைத் தாவிப் பிடித்து ஏறினார். படகு விலகிப் போனது. கரையின் விளக்குகள் தெரியத் தொடங்கின. இரண்டு கைகளையும் நீட்டிப் பார்த்தேன். இரண்டிலும் 5.40.