குவாட் பைக் பேட்டரி அடிக்கடி இறங்குகிறதா? புதுசு வாங்கும் முன் இதைப் பாருங்கள்

வணக்கம் நண்பர்களே. பின்னால் நிற்கிற குவாட் பைக்கில், அதாவது இந்த நாலு சக்கர வண்டியில், சீட்டைக் கழற்றி வைத்திருக்கிறேன், தெரிகிறதா? மூன்று வாரமாக இந்த வண்டி என்னைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. காலையில் நன்றாக ஸ்டார்ட் ஆகும். ஒரு சுற்றுப் போய்வந்து நிறுத்திவிட்டு மறுபடி பட்டனை அழுத்தினால் ஸ்டார்ட்டருக்குக் கரண்ட் விடுகிற ரிலே மட்டும் டக் டக் என்று அடிக்கும், இன்ஜின் அசையாது. பேட்டரிதான் போய்விட்டது என்று புதிதாக ஒன்று வாங்கிப் போட்டேன். நான்கே நாள், மறுபடி அதே டக் டக்.

பேட்டரி இறங்குவது வேறு, பேட்டரி கெடுவது வேறு. அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். வண்டி நியூட்ரலில், பார்க்கிங் பிரேக் போட்டு, திறந்த வெளியில் இருக்கட்டும். பேட்டரியைக் கழற்றுவதாக இருந்தால் முதலில் நெகட்டிவ், மாட்டும்போது கடைசியில் நெகட்டிவ். ஸ்பேனர் தவறி சட்டத்தில் பட்டாலும் பொறி பறக்காது.

முதல் அளவு, வண்டி ஓடாமல் இருக்கும்போது. சார்ஜ் போட்டு எடுத்த உடனே அளக்காதீர்கள், சில மணி நேரம் சும்மா விடுங்கள். முழுதாக நிரம்பிய 12 வோல்ட் பேட்டரி 12.6-க்கு மேல் காட்டும், ஏஜிஎம் வகை (உள்ளே கண்ணாடி இழைப் பஞ்சில் அமிலம் ஊறியிருக்கும் பேட்டரி) 12.8 வரைகூட வரும். 12.0 என்றால் கிட்டத்தட்ட காலி. அடுத்து, ஸ்டார்ட்டர் பட்டனை அழுத்திக்கொண்டே மீட்டரைப் பாருங்கள். 12.7 காட்டிய பேட்டரி ஸ்டார்ட்டர் சுற்றும்போது 9-க்குக் கீழே சரிந்தால் உள்ளே பலம் இல்லை, அதை மாற்றத்தான் வேண்டும். என்னுடையது 10.6-இல் நின்றது. ஆக, பேட்டரி மேல் குற்றம் இல்லை.

இப்போது வண்டியை ஓடவிட்டு அளக்கலாம். மீட்டரைப் பேட்டரி முனைகளிலேயே வைத்துக்கொண்டு, கட்டைவிரலால் த்ராட்டிலை அழுத்தி 4000 ஆர்பிஎம் பக்கம் கொண்டுபோங்கள். 13.8 முதல் 14.5 வரை வந்தால் சார்ஜ் ஆகிறது. 15-ஐத் தாண்டினால், சார்ஜ் வோல்ட்டை அளவோடு வைக்கிற ரெகுலேட்டர் கட்டுப்படுத்தவில்லை என்று அர்த்தம். அப்படியே ஓட்டினால் பேட்டரி வெந்துவிடும், நிறுத்திவிடுங்கள். என் வண்டியில் ஹெட்லைட் அணைத்திருந்தபோது 13.0. ஹெட்லைட் போட்டதும் 12.4, அப்புறம் மெல்ல மெல்ல கீழே. கொஞ்சம் சார்ஜ் ஆகிறது, ஆனால் போதவில்லை. என்னைக் குழப்பியதே இந்த அரைகுறைதான்.

இது ஏன் என்று புரிய, உள்ளே நடப்பதைச் சொல்கிறேன். இன்ஜின் பக்கவாட்டு மூடிக்குள் ஸ்டேட்டர் என்கிற செம்புச் சுருள் இருக்கிறது. காந்தம் பதித்த ஃப்ளைவீல் அதைச் சுற்றி ஓடும்போது ஏசி கரண்ட் பிறக்கிறது. அது மூன்று வயரில், பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில், வெளியே வந்து ரெகுலேட்டர் ரெக்டிஃபையருக்குப் போகிறது. அங்கே டிசியாக மாறி, அளவாகப் பேட்டரிக்கு வருகிறது. நிரந்தரக் காந்தம் என்பதால் ஸ்டேட்டரைக் குறைத்து வைக்க வழியில்லை. பல ரெகுலேட்டர்கள் மிஞ்சிய கரண்டைத் திரும்ப ஸ்டேட்டருக்கே ஷார்ட் செய்துதான் கட்டுப்படுத்துகின்றன. அதனால்தான் அதன் முதுகில் அலுமினியத் தகடுகள் வைத்திருக்கிறார்கள். அந்த இடுக்குகளில் சேறு காய்ந்து அப்பியிருந்தால் சூடு எங்கே போகும்? தயவுசெய்து அதைக் கழுவி விடுங்கள்.

சரி, சோதனை. அந்த மூன்று மஞ்சள் வயர் சேரும் கனெக்டரைக் கழற்றுங்கள். இன்ஜின் நின்றிருக்கும்போது, ஸ்டேட்டர் பக்கம் இரண்டிரண்டாக ஓம் அளவு: மூன்று ஜோடியும் ஒரே மாதிரி, பொதுவாக ஒரு ஓமுக்கும் குறைவாக இருக்க வேண்டும். எந்த வயருக்கும் இன்ஜின் உடலுக்கும் இடையே தொடர்பே இருக்கக்கூடாது. பிறகு கனெக்டரை மாட்டாமலேயே வண்டியை ஸ்டார்ட் செய்து, மீட்டரை ஏசி வோல்ட்டுக்கு மாற்றி அளக்க வேண்டும். விரல் படாமல் பாருங்கள், ஆர்பிஎம் ஏறினால் 50 வோல்ட்டையும் தாண்டும். எனக்கு ஐடிலில், அதாவது த்ராட்டிலைத் தொடாமல், மூன்று ஜோடியும் 19, 19, 19. ஸ்டேட்டர் தங்கம்.

அடுத்தது ரெகுலேட்டர்தான் என்று முடிவுகட்டி, வாங்கக் கிளம்பிவிட்டேன். கனெக்டரைத் திரும்ப மாட்டும்போதுதான் கண்ணில் பட்டது. கொஞ்சம் கிட்டே காட்டுகிறேன். நடுவில் இருக்கிற பின்னைச் சுற்றி வெள்ளைப் பிளாஸ்டிக் கருகிப் பழுப்பாகி, உருகிச் சாய்ந்திருக்கிறது. பின் மேல் பச்சைக் களிம்பு. ஈரம் புகுந்து களிம்பு ஏறியிருக்கிறது, தொடர்பு தளர்ந்திருக்கிறது, தளர்ந்த இடம் சூடாகியிருக்கிறது, சூட்டில் இன்னும் தளர்ந்திருக்கிறது. மூன்று வழியில் ஒன்று அடைத்துவிட்டது. மீதி இரண்டில் வந்த கரண்டைத்தான் ஹெட்லைட் மொத்தமாகக் குடித்துக்கொண்டிருந்தது. கழற்றி அளந்தபோது ஸ்டேட்டர் நல்லதாகத் தெரிந்ததற்கும் காரணம் இதுதான், பழுது மாட்டிய நிலையில்தான் இருந்தது.

கருகிய பகுதியை இரு பக்கமும் வெட்டிவிட்டு, தடித்த பின் உள்ள, தண்ணீர் புகாத கனெக்டரைப் போட்டேன். சிலர் வயரை நேராகச் சால்டர் செய்துவிடுவார்கள். எனக்கு அது பிடிக்காது. அதிர்கிற வண்டியில் சால்டர் முடிகிற இடத்தில் வயர் ஒடியும். நல்ல கிரிம்ப், அதாவது வயரைப் பின்னோடு நசுக்கி இறுக்குவதுதான் நிற்கும்.

எல்லாம் சரியாக இருந்தும் நிறுத்தி வைத்தால் இறங்குகிறதா? சாவியை அணைத்துவிட்டு, நெகட்டிவ் கேபிளுக்கும் பேட்டரிக்கும் நடுவே மீட்டரை ஆம்பியரில் வைத்துப் பாருங்கள். மீட்டர் அப்படி இருக்கும்போது ஸ்டார்ட் மட்டும் செய்யாதீர்கள். 50 மில்லி ஆம்பியர் கசிந்தாலே ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் ஹவர். 14 ஆம்பியர் ஹவர் பேட்டரி 12 நாளுக்குள் காலி. வின்ச் (கயிறு சுற்றிப் பாரம் இழுக்கும் மோட்டார்) வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள்: பாரம் இழுக்கும்போது அது நூறு ஆம்பியருக்கு மேல் கேட்கும், எந்தக் குவாட் ஸ்டேட்டரும் அதை ஈடுகட்டாது. விட்டு விட்டு இழுங்கள்.

காலியான பேட்டரியை வண்டி ஓட்டியே நிரப்பிவிடலாம் என்று விடாதீர்கள், ஸ்டேட்டருக்கும் ரெகுலேட்டருக்கும் அது வீண் சுமை. நான் சார்ஜரில் 1.4 ஆம்பியரில் வைத்து நிரப்பிய பிறகுதான் மாட்டினேன். இதோ, இப்போது ஸ்டார்ட் செய்கிறேன். 4000-த்தில் 14.2. ஹெட்லைட் போடுகிறேன்... 13.9. அப்படியே நிற்கிறது, பாருங்கள்.