வாரம் அரை மணி நேரம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நாற்பது நிமிடம் பேசிவிட்டு எனக்குப் பன்னிரண்டு நிமிடம் மிச்சம் வைத்த சிறப்பு விருந்தினர் அவர்களே, என்னைத் தகுதிக்கு மேல் புகழ்ந்த செயலாளர் அம்மையார் அவர்களே, உட்கார இடமில்லாமல் நிற்கும் மேலாளர் பெருமக்களே, வணக்கம்.

மேலாளர் தலைவராக வளர மூன்று வேண்டும் என்று குறிப்பெடுத்து வந்திருக்கிறேன். காது கொடுப்பது, வேலையைப் பிரித்துக் கொடுப்பது, தவறை ஒப்புக்கொள்வது. முதலாவதில் தொடங்குகிறேன்.

ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்கணும் என்பார்கள். இதைச் சொல்லாமல் நான் எந்த மேடையிலிருந்தும் இறங்கியதில்லை. நன்றாக வேலை பார்த்தவர் என்பதற்காகத்தான் நம்மில் பலரை மேலாளர் ஆக்கினார்கள். வேலை தெரியும், ஆள் தெரியாது.

நான் மேலாளரான புதிது. குழுவில் ஒரு பையன், ஐந்து மணி ஆனால் பையைத் தூக்கிவிடுவான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நேரில் கேட்கத் தைரியமில்லை. சரி, பொதுவாகப் பேசுவோம் என்று எல்லோரையும் கூட்டி, அர்ப்பணிப்பு பற்றி முக்கால் மணி நேரம் பொழிந்து தள்ளினேன். பேர் சொல்லவில்லை, பார்வை மட்டும் அவன்மேல். முடிந்ததும் மூன்று பேர் தனித்தனியாக வந்து மன்னிப்புக் கேட்டார்கள். மூவரும் இரவு எட்டு மணி வரை உட்கார்கிறவர்கள்! ஒருவர் கண் கலங்கிவிட்டார். கடைசியில் அவன் வந்தான். “சூப்பர் சார், சிலருக்கு நல்லா உறைச்சிருக்கும்” என்று கையைக் குலுக்கினான். மணி பார்த்தேன், ஐந்து. பையைத் தூக்கினான்.

மறுவாரம் தனியாக உட்காரவைத்துக் கேட்டேன். தன் வேலை நாலரைக்கே முடிந்துவிடுகிறது, அப்புறம் என்ன செய்வதென்று யாரும் சொன்னதில்லை என்றான். பாடிக் கறக்க வேண்டிய மாட்டுக்கு முன்னால் முக்கால் மணி நேரம் ஆடியிருக்கிறேன்.

சிக்காகோ அருகே ஹாதார்ன் ஆலையில் 1928 முதல் தொழிலாளர்களில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோரை நிர்வாகத்தினர் பேட்டி கண்டார்கள். முதலில் கேள்விப் பட்டியலோடுதான் போனார்கள். தொழிலாளர்களோ பட்டியலை விட்டுவிட்டுத் தங்கள் மனதில் இருந்ததைப் பேசினார்கள். பிறகு பட்டியலைக் கைவிட்டு, பேசவிட்டுக் கேட்டார்கள்.

நான் போகிற இடமெல்லாம் கேட்பதும் அதுதான். ஆளுக்கு வாரம் அரை மணி நேரம் தனிச் சந்திப்பு. வேலை நிலவரம் கேட்க இல்லை, அதற்கு அறிக்கை இருக்கிறது. எதைப் பேசுவது என்பதை எதிரே இருப்பவர் முடிவு செய்யட்டும். தள்ளிவைக்கலாம், ரத்து செய்யக் கூடாது. எட்டுப் பேருக்கு நாலு மணி நேரம் ஆகுமே என்கிறார்கள். எட்டுப் பேரை ஒன்றாக அரை மணி நேரம் கூட்டத்தில் உட்காரவைத்தாலும் நாலு மணி நேர வேலைதான் போகிறது. அதை மட்டும் யாரும் கணக்கெழுதுவதில்லை!

அம்மையாரிடமிருந்து துண்டுச்சீட்டு வந்துவிட்டது. மீதி இரண்டை இன்னொரு கூட்டத்தில் பார்ப்போம்; வேலையைப் பிரித்துக் கொடுப்பதும் இந்த அரை மணிக்குள் அடங்கிவிடும் என்பது என் கட்சி. அடுத்த வாரமே தொடங்குகிறவர்கள் கை தூக்குங்கள். பின்வரிசைக்கு நன்றி. தலைவர் அவர்களே, உங்கள் கை இன்னும் மேசைமேல்தான் இருக்கிறது.