முடிவை மாற்றும் கை

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். 'அயல்மொழிப் படங்களை அமெரிக்கா மறுஆக்கம் செய்வது மூலப் படத்துக்குப் பெருமையா, சிறுமையா' என்னும் இந்த வழக்கில், சிறுமையே என்று வாதிடும் அணியின் சார்பில் நிற்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர் மூன்று காரணங்களைச் சொன்னார். மறுஆக்கத்தால் ஒரு நல்ல கதை பலரைச் சென்றடைகிறது, மூலத்தைப் படைத்தவருக்குப் பணமும் பெயரும் கிடைக்கின்றன, சப்டைட்டில் படிக்க விரும்பாத அமெரிக்க ரசிகருக்கு வேறு வழியில்லை என்பவை அவை. கேட்பதற்கு மூன்றும் நியாயமாகத்தான் இருக்கின்றன. நடந்தவற்றைப் பார்ப்போம்.

1937இல் பிரான்சில் ழூலியன் துவிவியே இயக்கி, ழான் காபேன் நடித்த 'பெப்பே லெ மோக்கோ' வெளிவந்தது. அல்ஜியர்ஸ் நகரத்தின் பழைய பகுதியான காஸ்பாவின் சந்துகளுக்குள் ஒளிந்து வாழும், வெளியே வந்தால் பிடிபட்டுவிடுவான் என்ற நிலையிலிருக்கும் ஒரு கொள்ளைக்காரனின் கதை அது. மறு ஆண்டே அமெரிக்கத் தயாரிப்பாளர் வால்டர் வேங்கர் அதை 'அல்ஜியர்ஸ்' என்ற பெயரில் எடுத்தார். எடுத்ததோடு அவர் நிற்கவில்லை. தம் படத்துக்குப் போட்டியாகிவிடக் கூடாது என்பதற்காகப் பிரெஞ்சுப் படத்தின் பிரதிகளையும் வாங்கி முடக்கினார். மூலப் படம் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்து சேர 1941 ஆயிற்று. இதைவிடக் கொடியது அடுத்து நடந்தது. மார்செல் கார்னே 1939இல் எடுத்த 'லெ ஜூர் ஸ லேவ்' என்ற படத்தை 1947இல் ஹாலிவுட்டின் ஆர்கேஓ நிறுவனம் 'தி லாங் நைட்' என்று மறுஆக்கம் செய்தபோது, மூலப் படத்தின் பிரதிகளைத் தேடி வாங்கி அழித்துவிடவே முனைந்தது. பிரெஞ்சுத் திரையுலகின் தலைசிறந்த படங்களுள் ஒன்று என்று இன்று கொண்டாடப்படும் அந்தப் படம் அடியோடு தொலைந்துவிட்டதோ என்று சில காலம் அஞ்சும்படி ஆயிற்று. சென்றடையச் செய்வது என்று எதிரணியினர் சொன்னது இதைத்தானா, நடுவர் அவர்களே?

அந்த இரண்டு படங்களின் முடிவையும் கவனிக்க வேண்டும். இரண்டு பிரெஞ்சுப் படங்களிலும் காபேன் ஏற்ற பாத்திரம் தன் கையாலேயே உயிரை மாய்த்துக்கொள்கிறது. 'அல்ஜியர்ஸ்' படத்தில் நாயகனைக் காவலர்கள் சுடுகிறார்கள். 'தி லாங் நைட்' படத்தில் ஹென்றி ஃபோண்டா காதலியின் சொல்லுக்கு இணங்கிச் சரணடைந்து பிழைத்துக்கொள்கிறார். அந்தக் கால ஹாலிவுட்டைக் கட்டிப்போட்டிருந்த தணிக்கை நெறிமுறைதான் இதற்குக் காரணம், பாவம் இயக்குநர்கள் என்ன செய்வார்கள் என்று எதிரணியினர் கேட்கலாம். கேட்கட்டும். அந்த நெறிமுறை 1968இல் கைவிடப்பட்டது. அதற்குப் பிறகும் முடிவை மாற்றும் கை ஓயவில்லை என்பதே என் வாதம்.

1988இல் டச்சு இயக்குநர் ஜார்ஜ் ஸ்லாய்சர் 'ஸ்பூர்லோஸ்' என்ற படத்தை எடுத்தார். பிரான்சின் நெடுஞ்சாலையோர நிறுத்தத்தில் ஒரு பெண் காணாமல் போகிறாள். அவளுக்கு என்ன ஆயிற்று என்ற கேள்வி அவள் காதலனை மூன்று ஆண்டுகள் அரித்துத் தின்ன, இறுதியில் கடத்தியவனே அவன் முன் வந்து, அவளுக்கு நேர்ந்ததை நீயும் அனுபவித்தால்தான் அறிந்துகொள்வாய் என்கிறான். மயக்க மருந்து கலந்த காப்பியைத் தெரிந்தே குடிக்கும் காதலன், உயிரோடு புதைக்கப்பட்டு, ஒரு பெட்டிக்குள் கண் விழிக்கிறான். அறிய வேண்டும் என்ற வேட்கை ஒரு மனிதனை எதுவரை இழுத்துச் செல்லும் என்பதே அந்தப் படம்; அந்தப் பெட்டி இல்லாவிட்டால் படமே இல்லை. 1993இல் இதே ஸ்லாய்சரை அழைத்து 'தி வானிஷிங்' என்று ஆங்கிலத்தில் எடுக்கவைத்தார்கள். அதில் நாயகனின் புதிய காதலி வந்து அவனை மண்ணுக்குள்ளிருந்து மீட்கிறாள், வில்லன் மண்வெட்டியால் அடிபட்டுச் சாகிறான், கடைசியில் காதலர் இருவரும் உணவகத்தில் காப்பி வேண்டாம் என்று வேடிக்கை செய்கிறார்கள். கோவலனைக் கொலைக்களத்தில் காப்பாற்றி, சிலம்பையும் மீட்டுக்கொடுத்து, மதுரையில் ஒரு விருந்தோடு காப்பியத்தை முடித்தால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கிறது. மூலத்தைப் படைத்தவருக்குப் பெருமை கிடைக்கிறது என்றார் நண்பர். தாம் படைத்ததைத் தம் கையாலேயே கலைக்கும்படி ஆன ஒருவருக்கு அதில் என்ன பெருமை?

அர்ஜென்டினாவின் 'தி சீக்ரெட் இன் தெயர் ஐஸ்' 2009இல் வந்து சிறந்த அயல்மொழிப் படத்துக்கான ஆஸ்கரைப் பெற்றது. அதில் கொலைக் குற்றத்தை ஒப்புக்கொண்டவன் விடுதலையாவதற்குக் காரணம், 1970களின் நடுவில் இசபெல் பெரோன் ஆட்சிக்கு அத்தகைய அடியாட்கள் தேவைப்பட்டதுதான். சட்டம் கைவிட்ட நிலையில், கொலையுண்ட பெண்ணின் கணவன் அந்தக் கொலைகாரனைப் பல ஆண்டுகள் சிறைவைத்து, ஒரு சொல்லும் பேசாமல் உணவளிக்கிறான். 2015இன் அமெரிக்கப் படம் கதையை லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் கொண்டுபோய், அந்தச் சிறைவாசத்தையும் வைத்துக்கொண்டு, இறுதியில் கைதியைத் துப்பாக்கியால் சுட்டு முடித்துவிடுகிறது. அந்த மௌனம்தான் தண்டனை என்பது அவர்களுக்குப் போதவில்லை.

'தி டிபார்ட்டட்' என்று எதிரணி வரிசையில் ஒருவர் முணுமுணுப்பது கேட்கிறது. 2002இல் வந்த ஹாங்காங் படமான 'இன்ஃபெர்னல் அஃபேர்ஸ்', இடையறாத நரகத்தைப் பற்றிய பௌத்த வாசகத்தோடு தொடங்குகிறது. காவல்துறைக்குள் ஊடுருவிய கயவன் கடைசியில் பிழைத்திருப்பதே அவனுடைய நரகம். அதை 'தி டிபார்ட்டட்' என்று மறுஆக்கம் செய்த அமெரிக்க இயக்குநர் ஸ்கார்செசி அவனையும் சுடவைத்தார். நல்ல படம்தான், மறுக்கவில்லை. சிறந்த படம் உள்ளிட்ட நான்கு ஆஸ்கர்களை வென்றது. ஆனால் அந்த விருது மேடையிலேயே மூலப் படத்தை ஜப்பானியப் படம் என்று அறிவித்தார்கள். பெயர் கிடைக்கிறது என்றார்களே, கிடைத்த பெயர் இதுதான்.

ஒரு விதிவிலக்கை நேர்மையாக ஒப்புக்கொள்கிறேன். 2014இன் பிரெஞ்சுப் படமான 'லா ஃபமி பெலியே'யில் காது கேளாத பெற்றோராகக் கேட்கும் திறனுள்ள நடிகர்களே நடித்தார்கள். அதன் மறுஆக்கமான 'கோடா'வில் அந்தப் பாத்திரங்களைக் காது கேளாத நடிகர்களே ஏற்றார்கள். ட்ராய் காட்சர் ஆஸ்கரும் பெற்றார். மூலத்தின் குறையைக் களைந்த மறுஆக்கம் அது. இப்படிப்பட்டவை பத்து இருந்தால் நான் இந்த அணியில் அமர்ந்திருக்க மாட்டேன்.

எஞ்சியிருப்பது மொழித்தடை என்னும் வாதம். 2022இல் வந்த டென்மார்க் படமான 'ஸ்பீக் நோ ஈவில்' படத்தில் ஒரு டேனிஷ் குடும்பம், விடுமுறையில் அறிமுகமான டச்சுத் தம்பதியின் வீட்டுக்கு விருந்தாளியாகப் போகிறது. அங்கே ஒவ்வொரு அவமதிப்பையும் மரியாதை கருதிப் பொறுத்துக்கொள்கிறது. அந்த மரியாதையாலேயே அழிகிறது. ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டால், நீங்கள் விட்டுக்கொடுத்தீர்கள் என்பதே விடையாக வருகிறது. இரண்டே ஆண்டுகளில், 2024இல், இதன் ஆங்கில மறுஆக்கத்தை ஹாலிவுட் வெளியிட்டது. அதில் அந்தக் குடும்பம் திருப்பி அடிக்கிறது, தப்பிக்கிறது. இப்போது நான் சொல்லப்போவதை நடுவர் அவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். டேனிஷ்காரரும் டச்சுக்காரரும் தமக்குள் பேசிக்கொள்ள ஆங்கிலம்தான் பொதுமொழி என்பதால், அந்த டென்மார்க் படத்தின் உரையாடல்களில் பெரும்பகுதி ஏற்கெனவே ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. சப்டைட்டில் படிக்கும் சிரமம் பெரும்பாலும் இல்லாத அந்தப் படத்தை, அதன் முடிவைத் தவிர வேறு எதற்காகத் திரும்ப எடுத்தார்கள் என்பதை அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் இந்த அவைக்கு விளக்கட்டும். நன்றி, வணக்கம்.