கடல் கடந்தாலும் கைவிடக் கூடாத எண்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வெளிநாட்டுப் பயணம் என்றால் பாஸ்போர்ட், விசா, டிக்கெட், பணம் என்று ஒவ்வொன்றையும் இரண்டு முறை சரிபார்க்கிறோம். செல்போனை மட்டும் அப்படியே எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறோம். "போய் இறங்கியபின் பார்த்துக்கொள்ளலாம்" என்று ஒரு நினைப்பு. ஆனால் இறங்கியபின் செய்யவே முடியாத வேலைகள்தான் இதில் அதிகம். அதற்குக் காரணம் செல்போன் வேலை செய்யும் விதத்திலேயே இருக்கிறது.

விமானம் தரையிறங்குகிறது. செல்போனை மறுபடி இயக்குகிறீர்கள். சில வினாடிகள் ஒன்றும் இல்லை. பிறகு திரையின் மூலையில் ஏதோ ஓர் அந்நிய நிறுவனத்தின் பெயர் தெரிகிறது. அந்தச் சில வினாடிகளுக்குள் ஒரு விசாரணை நடந்து முடிந்திருக்கிறது. உங்கள் சிம்முக்குள் ஓர் அடையாள எண் பதிந்திருக்கும். அது நாம் பிறருக்குச் சொல்லும் தொலைபேசி எண் அல்ல. பெரும்பாலும் 15 இலக்கங்கள் கொண்ட வேறொரு எண். அதன் முதல் 3 இலக்கங்கள் சிம் எந்த நாட்டுடையது என்பதையும், அடுத்து வருபவை எந்த நிறுவனத்துடையது என்பதையும் சொல்லும். வந்த நாட்டு நிறுவனம் அதைப் பார்த்து, உங்கள் சொந்த நிறுவனத்திடம் கேட்கிறது: இவர் உங்கள் வாடிக்கையாளர்தானா, இங்கே பேச அனுமதி உண்டா என்று. அங்கிருந்து சம்மதம் வந்தால்தான் டவர் உங்களை ஏற்றுக்கொள்ளும். சம்மதம் வராவிட்டால், தலைக்கு மேலேயே டவர் நின்றாலும் சிக்னல் கிடைக்காது.

இதைத்தான் ரோமிங் என்கிறோம். 1987 செப்டம்பரில் 13 ஐரோப்பிய நாடுகளின் தொலைபேசி நிர்வாகங்கள் கோபன்ஹேகனில் கூடி ஜிஎஸ்எம் என்ற பொதுவான முறைக்கு ஒப்புக்கொண்டபோதே, ஒரு நாட்டுச் செல்போன் இன்னொரு நாட்டிலும் இயங்க வேண்டும் என்பது அவர்களுடைய நோக்கங்களில் ஒன்றாக இருந்தது. 1992-இல் பின்லாந்து நிறுவனம் ஒன்றும் பிரிட்டன் நிறுவனம் ஒன்றும் முதல் ஜிஎஸ்எம் ரோமிங் ஒப்பந்தத்தைச் செய்துகொண்டன.

ஆக, எந்த நாட்டுக்குப் போனாலும் உங்கள் எண் விருந்தாளிதான். அதற்கு வீடு ஒன்றே. ரோமிங் வசதியைத் திறந்துவிடுவது, கட்டணத்துக்கு உச்சவரம்பு வைப்பது எல்லாம் அந்த வீட்டில் நடக்க வேண்டிய வேலைகள். அந்நிய விமான நிலையத்தில் நின்றுகொண்டு அவற்றைச் செய்ய முயன்றால், அதற்கே ஓர் ஓடிபி வர வேண்டியிருக்கும். அந்த ஓடிபி வருவதற்கு ரோமிங் இயங்க வேண்டியிருக்கும். எனவே கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பாவது உங்கள் நிறுவனத்திடம் பேசி, ரோமிங் திறந்திருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

கட்டண விஷயத்துக்கு வருகிறேன். வெளிநாட்டில் இருக்கும்போது நமக்கு வரும் அழைப்புக்கு நம்மிடம் ஏன் பணம் பிடிக்கிறார்கள் என்று பலர் கோபப்படுகிறார்கள். அழைப்பவருக்கு நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று தெரியாது. அவர் வழக்கமான எண்ணை அழைக்கிறார். வழக்கமான கட்டணம் கொடுக்கிறார். அந்த அழைப்பை உங்கள் நாட்டிலிருந்து நீங்கள் இருக்கும் நாடு வரை கொண்டு வரும் செலவு உங்கள் தலையில் விழுகிறது.

இதற்குள் இன்னொரு கண்ணி இருக்கிறது. இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை என்பது என் வருத்தம். நீங்கள் தூங்கிக்கொண்டிருக்கிறீர்கள், ஓர் அழைப்பு வருகிறது, எடுக்கவில்லை. "எடுக்காவிட்டால் வாய்ஸ் மெயிலுக்கு அனுப்பு" என்று உங்கள் எண்ணில் ஏற்பாடு இருந்தால், அந்த அழைப்பு முதலில் உங்களைத் தேடி வெளிநாடு வரை வந்து, அங்கிருந்து திரும்பவும் உங்கள் நாட்டிலுள்ள வாய்ஸ் மெயில் பெட்டிக்குப் போகும். வந்ததற்கு ஒரு கட்டணம், திரும்பிப் போனதற்கு ஒரு சர்வதேச அழைப்புக் கட்டணம் என்று இரண்டு விழக்கூடும். ஒரு வார்த்தைகூடப் பேசாமலே. இதைத் தவிர்ப்பது சுலபம். புறப்படும் முன்பு ஜிஎஸ்எம் செல்போனில் ##002# என்று அழுத்தி அழைத்தால், எல்லாக் கால் ஃபார்வர்டிங் ஏற்பாடுகளும் நீங்கிவிடும். வானொலியில் கேட்பவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்: ஹேஷ், ஹேஷ், பூஜ்யம், பூஜ்யம், இரண்டு, ஹேஷ்.

டேட்டாவின் கதை வேறு. நாம் செல்போனைத் தொடாமல் இருந்தாலும் அது சும்மா இருப்பதில்லை. எடுத்த படங்களைச் சேமிப்புக்கு அனுப்பும், செயலிகளைப் புதுப்பிக்கும், மின்னஞ்சலை இறக்கும். ஆகவே விமானத்தில் ஏறும் முன்பே செட்டிங்ஸில் டேட்டா ரோமிங்கை நிறுத்திவிடுங்கள். அதை நிறுத்தினாலும் அழைப்பும் குறுஞ்செய்தியும் வரும். ரோமிங்கில் இருக்கும்போது வந்து சேரும் குறுஞ்செய்திக்குப் பெரும்பாலான நிறுவனங்கள் கட்டணம் வாங்குவதில்லை.

இன்று நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். போய் இறங்கியதும் மலிவாக ஓர் உள்ளூர் சிம் வாங்கி, பழைய சிம்மைக் கழற்றி எங்கோ வைத்துவிடுகிறார்கள். அந்த மணித்துளியிலிருந்து வங்கி அனுப்பும் ஓடிபி வந்து சேராது. கார்டு சந்தேகத்தின்பேரில் முடக்கப்பட்டால் வரும் எச்சரிக்கை, விமானம் தாமதம் என்ற செய்தி எதுவும் வராது. பழைய எண் வெறும் பேசுவதற்கான எண் அல்ல. இன்றைக்கு அது நம் கையெழுத்து. டேட்டாவை எங்கிருந்து வேண்டுமானாலும் வாங்கலாம். அந்த எண்ணை மட்டும் உயிரோடு வைத்திருக்க வேண்டும்.

இரண்டு சிம் போடும் செல்போன், அல்லது இ-சிம், அதாவது அட்டை இல்லாமல் இணையம் வழியாக இறக்கிக்கொள்ளும் சிம், வசதி உள்ள செல்போன் இருந்தால் இரண்டும் கைகூடும். சொந்த எண் குறுஞ்செய்திக்கும் அவசர அழைப்புக்கும். புதிய இணைப்பு டேட்டாவுக்கு. இ-சிம்மைக் கிளம்பும் முன்பே, வீட்டு வைஃபையில் இறக்கி வைத்துவிடுங்கள். அதை இறக்குவதற்கே இணையம் தேவை. செல்போன் ஏதேனும் ஒரு நிறுவனத்தோடு பூட்டப்பட்டிருந்தால் வேறு சிம் அதில் இயங்காது. அதையும் முன்கூட்டியே பாருங்கள். இங்கே நிறையப் பேர் தடுமாறும் ஓர் இடம் உண்டு. பயணிகளுக்கான இ-சிம்களில் பலவும் தாமே ரோமிங்கில் இயங்குபவை. ஆகவே அந்த இ-சிம்முக்கு டேட்டா ரோமிங் திறந்திருக்க வேண்டும். சொந்த சிம்முக்கு மூடியிருக்க வேண்டும். இரண்டுக்கும் தனித்தனியே அமைப்பு உண்டு. ஒரு சிம்மில் சிக்னல் குறைந்தால் இன்னொன்றின் டேட்டாவுக்குத் தானாகத் தாவும் வசதி சில செல்போன்களில் இருக்கிறது, அதை அணைத்துவிடுங்கள். புதிய சிம் போட்டதும், எண்ணை மாற்றவா என்று வாட்ஸ்அப் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பழைய எண்ணிலேயே அது தொடரும்.

ஐரோப்பாவில் சுற்றுபவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. 2017 ஜூன் 15 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் ரோமிங் கூடுதல் கட்டணம் பொதுவாக நீக்கப்பட்டிருக்கிறது. ஓர் உறுப்பு நாட்டில் வாங்கிய சிம்மோடு மற்ற உறுப்பு நாடுகளுக்கும் போகலாம். ஆனால் சுவிட்சர்லாந்து அந்த ஒன்றியத்தில் இல்லை. ரயில் எல்லையைக் கடந்ததும் கணக்கு மாறலாம். கப்பலில் போகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கரை மறைந்ததும் செல்போன் கப்பலின் செயற்கைக்கோள் இணைப்பைப் பிடித்துக்கொள்ளும். அந்தக் கட்டணம் எந்த ரோமிங் சலுகையிலும் பெரும்பாலும் அடங்காது. கடலில் ஏரோபிளேன் மோடில் வைத்துவிடுவதே நல்லது.

பழைய செல்போனைப் பத்திரமாக வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள் 2022-இல் 3ஜி சேவையை நிறுத்திவிட்டன. ஆஸ்திரேலியாவில் 2024-இல் நிறுத்தினார்கள். 4ஜி வழியாகக் குரல் அழைப்பு போகாத செல்போன் அங்கே பேசப் பயன்படாது. ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் குரல் அழைப்பும் வீடியோ அழைப்பும் தடுக்கப்பட்டிருக்கின்றன. எழுத்துச் செய்தி போகும். தினமும் வீடியோவில் பேசுவதாகப் பேரனிடம் வாக்குக் கொடுத்துவிட்டுப் போகும் தாத்தா பாட்டிகளுக்கு இதை முன்பே சொல்லிவிடுங்கள்.

அவர்களைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. பிள்ளைகளைப் பார்க்கத் தனியாகப் பயணம் செய்யும் பெரியவர்கள், இடையில் விமானம் மாற வேண்டிய நிலையத்தில் செல்போன் இயங்காமல் திகைத்து நிற்பதைப் பார்க்கும்போது மனம் பொறுக்கவில்லை. பல விமான நிலையங்களில் இலவச வைஃபை உண்டு. சில இடங்களில் அதில் நுழையவும் குறுஞ்செய்தியில் ஒரு எண் வர வேண்டும். அவர்களுடைய தொடர்புப் பட்டியலில் உள்ள எண்களை, கூட்டல் குறியும் நாட்டுக் குறியீடும் சேர்த்து இப்போதே மாற்றி எழுதிக் கொடுங்கள். அப்படி எழுதிய எண் எந்த நாட்டிலிருந்து அழைத்தாலும் சரியாகப் போகும். போகும் ஊரின் வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள். இருக்கும் இடத்தைக் காட்டும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களிலிருந்து நேரே வருவது. அதற்கு டேட்டா தேவையில்லை. விமான டிக்கெட்டையும் தங்கும் முகவரியையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தால் இணையம் இல்லாமலும் காட்டலாம். பவர் பேங்க் கைப்பையில் மட்டுமே இருக்க வேண்டும். சரக்குப் பெட்டியில் போடக் கூடாது.

ஆபத்து நேரத்தில் 112 என்ற எண்ணையும் 911 என்ற எண்ணையும் அவசர அழைப்பு என்று செல்போன் தானாகவே புரிந்துகொள்ளும். திரை பூட்டியிருந்தாலும் அழைக்கலாம். பல நாடுகளில் சிம் இல்லாமலும் 112 போகும். ஆனாலும் போகும் நாட்டின் காவல், ஆம்புலன்ஸ் எண்களைக் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

செல்போனே தொலைந்துபோனால்? முதல் வேலை, உங்கள் நிறுவனத்தை அழைத்து சிம்மை முடக்கச் சொல்வது. இல்லையென்றால் எடுத்தவர் பேசும் அழைப்புகளும் உங்கள் கணக்கிலேயே ஏறும். ஓடிபிகளும் அவர் கைக்குப் போகும். சிம்முக்கு ஒரு பின் எண் வைத்திருந்தால் அதைக் கழற்றி வேறு செல்போனில் போட்டாலும் திறக்காது. நிறுவனத்தின் வெளிநாட்டு உதவி எண், வங்கியின் எண், குடும்பத்தில் இருவருடைய எண், *#06# அழுத்தினால் தெரியும் ஐஎம்இஐ எனப்படும் செல்போனின் அடையாள எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, செல்போன் இருக்கும் பையில் அல்லாமல் வேறு பையில் வையுங்கள்.

நன்றி, வணக்கம்.