மத நம்பிக்கையைக் காரணம் காட்டி ஒரு வாடிக்கையாளரை மறுக்கலாமா?

சரி, அடுத்த கேள்வி. அமெரிக்காவில் வசிக்கும் நேயர் ஒருவர் கேட்கிறார்: "மத நம்பிக்கைக்கு ஒவ்வாத வேலையைச் செய்ய மாட்டேன் என்று சொல்ல ஒரு வியாபாரிக்கு உரிமை இல்லையா? கேக் கடைக்காரர் வழக்கில் உச்ச நீதிமன்றமே அவர் பக்கம்தானே தீர்ப்பு சொன்னது? நான் கல்யாணங்களுக்குப் படம் எடுக்கிறேன். எனக்கும் அது பொருந்துமா?"

முதலில் அந்தக் கேக் கடை வழக்கைச் சரியாகப் புரிந்துகொள்வோம், ஏனென்றால் அதைப் பலரும் தவறாகத்தான் சொல்கிறார்கள். 2012-ல் கொலராடோ மாநிலத்தில் 'மாஸ்டர்பீஸ் கேக்‌ஷாப்' என்ற கடைக்கு இரண்டு ஆண்கள் வந்து, தங்கள் திருமணத்துக்குக் கேக் வேண்டும் என்று கேட்டார்கள். பிறந்தநாள் கேக், பிஸ்கட், வேறு எது வேண்டுமானாலும் தருகிறேன், தன்பாலினத் திருமணத்துக்குக் கேக் மட்டும் செய்ய மாட்டேன் என்றார் கடைக்காரர். கேக்கில் என்ன எழுதுவது, எப்படி வடிவமைப்பது என்ற பேச்சே அங்கே எழவில்லை. மாநிலத்தின் குடிமை உரிமை ஆணையம் இது பாகுபாடு என்றது.

2018 ஜூனில் உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்ற கணக்கில் அந்த முடிவை ரத்து செய்தது. ஏன் ரத்து செய்தது? ஆணையத்தின் உறுப்பினர் ஒருவர் பொது விசாரணையிலேயே, மதத்தைக் காரணம் காட்டி மற்றவர்களைப் புண்படுத்துவது மிகக் கேவலமான பேச்சு என்ற பொருளில் பேசியிருந்தார். ஒருவருடைய நம்பிக்கையை இழிவாகப் பார்த்துக்கொண்டு அவருடைய வழக்கை நடுநிலையாக விசாரிக்க முடியாது என்பதுதான் நீதிபதி கென்னடி எழுதிய தீர்ப்பின் சாரம். அதே தீர்ப்பில் அவர் இன்னொன்றும் எழுதினார்: எல்லோருக்கும் ஒரே மாதிரி பொருந்தும் சட்டம் இருக்கும்போது, மதக் காரணம் சொல்லி ஒரு கடைக்காரர் சட்டம் பாதுகாக்கும் மக்களுக்குப் பொருளையோ சேவையையோ மறுக்க முடியாது, அதுதான் பொதுவிதி. கடைக்காரர் ஜெயித்தது உண்மை. ஆனால் கடைக்காரர்கள் எல்லோருக்கும் அதில் ஓர் உரிமை கிடைத்துவிடவில்லை.

இந்தப் பொதுவிதி புதியதும் இல்லை. 1964-ன் குடிமை உரிமைச் சட்டம் வந்தபோது தென் கரோலினாவில் பார்பிக்யூ உணவகங்கள் நடத்திய ஒருவர், கறுப்பினத்தவரையும் வெள்ளையரையும் சேர்த்து உட்கார வைப்பது தன் மத நம்பிக்கைக்கு எதிரானது என்று வாதாடினார். 1968-ல் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை அற்பமானது என்று ஓர் அடிக்குறிப்போடு தள்ளிவிட்டது. இன்றைக்கு அந்த வாதத்தைக் கேட்டால் நமக்கு அதிர்ச்சியாக இருக்கிறது. அன்றைக்கு அதை மனதார நம்பியவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். நம்பிக்கை உண்மையானதா இல்லையா என்பதை மட்டும் வைத்துக்கொண்டு இந்தச் சிக்கலைத் தீர்க்க முடியாது என்று நான் சொல்வதற்கு அதுதான் காரணம்.

அப்புறம் எதை வைத்துத் தீர்ப்பது? பிரிட்டனில் நடந்த இரண்டு வழக்குகளைப் பாருங்கள். இங்கிலாந்தின் கார்ன்வாலில் விடுதி நடத்திய ஒரு கிறிஸ்தவத் தம்பதி, இரண்டு ஆண்கள் சேர்ந்து தங்க இரட்டைக் கட்டில் அறை தர மறுத்தார்கள். 2013-ல் பிரிட்டன் உச்ச நீதிமன்றத்தில் விடுதிக்காரர்கள் தோற்றார்கள். வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில் ஆஷர்ஸ் என்ற அடுமனையில் ஒருவர், 'தன்பாலினத் திருமணத்தை ஆதரிப்போம்' என்று எழுதிய கேக் கேட்டார். கடைக்காரர்கள் மறுத்தார்கள். 2018-ல் அதே உச்ச நீதிமன்றம், ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக, கடைக்காரர்கள் பக்கம் நின்றது.

முரண்பாடாகத் தெரிகிறது, இல்லையா? ஆனால் முரண்பாடு இல்லை. விடுதியில் மறுக்கப்பட்டது ஆள். அதே அறையை, அதே கட்டிலை, அடுத்து வந்த கணவன் மனைவிக்குத் தந்திருப்பார்கள். பெல்ஃபாஸ்டில் மறுக்கப்பட்டது வாசகம். அந்த வாசகத்தை யார் வந்து கேட்டிருந்தாலும் அவர்கள் எழுதியிருக்க மாட்டார்கள். "இதே பொருளை இன்னொருவர் கேட்டால் கொடுப்பாயா?" என்ற அந்த ஒரே கேள்வி, இந்த வகை வழக்குகளில் பாதியைத் தெளிவாக்கிவிடும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

மீதிப் பாதி கடினம்தான். 2023-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் '303 கிரியேட்டிவ்' வழக்கில், திருமண இணையதளம் வடிவமைக்க விரும்பிய ஒருவரை, தன்பாலினத் திருமணங்களுக்கும் தளம் வடிவமைக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது என்று 6-க்கு 3 என்று தீர்ப்பளித்தது. இது மத சுதந்திரத்தை வைத்துத் தந்த தீர்ப்பு அல்ல, கவனியுங்கள். பேச்சுச் சுதந்திரத்தை வைத்துத் தந்தது. அவர் வடிவமைப்பவை அவரே உருவாக்கும் வெளிப்பாடுகள் என்று இரு தரப்பும் முன்பே ஒப்புக்கொண்டிருந்தன. இந்தத் தீர்ப்போடு உடன்படாத நீதிபதி சோட்டோமேயர், பொதுமக்களுக்குத் திறந்து வைத்த ஒரு வியாபாரத்துக்கு, சட்டம் பாதுகாக்கும் மக்களை மறுக்கும் உரிமையை இந்த நீதிமன்றம் தருவது இதுவே முதல்முறை என்று கடுமையாக எழுதினார். அவருடைய கவலை எனக்கும் உண்டு. எந்தத் தொழிலையும் 'கலை' என்று சொல்லிவிடலாமே!

அதேசமயம் ஒன்றை மறக்கக்கூடாது. பாகுபாட்டைத் தடுக்கும் இந்தச் சட்டங்கள் மத நம்பிக்கை உள்ளவர்களுக்கு எதிரானவை என்று ஒரு பேச்சு இருக்கிறது. 1964 சட்டம் இனம், நிறம், பிறந்த நாடு இவற்றோடு மதத்தையும் பாதுகாக்கிறது. தலையில் முக்காடு போட்டிருக்கிறாள் என்று ஒரு பெண்ணை உணவகத்திலிருந்து திருப்பி அனுப்பினால், அவளுக்குத் துணை நிற்பதும் இதே சட்டம்தான். மறுக்கப்பட்டு வாசலில் நிற்கும் அவமானம் எவருக்கும் ஒன்றுதான். இன்னொரு கடை இருக்கிறதே, அங்கே போகலாமே என்று சுலபமாகச் சொல்கிறோம். ஊரில் ஒரே கடை இருந்தால்? பத்துக் கடை இருந்து, பத்தும் மறுத்தால்?

இனி உங்கள் விஷயம். முதலில் உங்கள் மாநிலத்தைப் பாருங்கள். உணவகங்கள், விடுதிகள் போன்றவை பற்றிய 1964 சட்டப் பகுதியில் பாலின ஈர்ப்பு இடம்பெறவில்லை. அந்தப் பாதுகாப்பு மாநிலச் சட்டங்களிலும் ஊராட்சி விதிகளிலும்தான் வருகிறது, சில இடங்களில் இருக்கிறது, சில இடங்களில் இல்லை. நியூ மெக்சிகோவில் உங்களைப் போலவே ஒரு புகைப்பட நிறுவனம் மறுத்தது. 2013-ல் அந்த மாநில உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. 2023 தீர்ப்புக்குப் பிறகு அதே வழக்கு வந்தால் புகைப்படக்காரரின் வாதம் முன்பைவிட வலுவாக இருக்கும், ஏனென்றால் படம் எடுப்பதும் தொகுப்பதும் ஒரு வெளிப்பாடு என்று அவர் சொல்ல முடியும். ஆனால் நீங்கள் கல்யாணங்களுக்கு நாற்காலி வாடகைக்கு விடுகிறீர்கள், மண்டபம் கொடுக்கிறீர்கள் என்றால் அந்த வாதம் எடுபடுவது மிகக் கடினம். ஸ்டூடியோவில் பாஸ்போர்ட் படம் எடுக்க வருபவரை, அவர் யாரைக் கல்யாணம் செய்திருக்கிறார் என்று பார்த்து மறுத்தால், அதற்கும் இந்தத் தீர்ப்பு துணைக்கு வராது. எந்த வேலையை ஏற்பீர்கள், எதை ஏற்க மாட்டீர்கள் என்று முன்கூட்டியே எழுதி வைத்து, ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள். வாடிக்கையாளர் எதிரில் வந்து நிற்கும்போது யோசிக்க ஆரம்பிக்காதீர்கள்.