தன் முதுகு தனக்குத் தெரியாது

(பல்கலைக்கழக உள்தணிக்கையாளர்கள் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைமை ஏற்றிருக்கும் மாண்பமை துணைவேந்தர் அவர்களே! தணிக்கையாளர்கள் கூடும் இடத்துக்கு ஒரு துணைவேந்தர் தாமாக விரும்பி வருவது அன்றாடம் நடக்கிற காரியம் அல்ல. அதற்காகவே ஒரு கைதட்டல் கொடுக்கலாம். ஆட்சிக்குழுவின் தணிக்கைக் குழுத் தலைவர் அவர்களே, பதிவாளர் அவர்களே, எங்கள் வினாக்குறிப்புகளுக்கெல்லாம் முதலில் பதில் எழுத நேர்கிற நிதி அலுவலர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பணி நிறைவு பெற்ற மூத்தோர்களே, நண்பர்களே! யாருடைய பெயரேனும் விட்டுப்போயிருந்தால் அதை ஒரு தணிக்கைத் தடையாக எழுதிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

‘நமது வலையமைப்பின் எதிர்காலம்’ என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். நிதி, பயிற்சி, பரஸ்பர மதிப்பாய்வு என்று மூன்றாகப் பிரித்துக்கொண்டு வந்தேன். மூன்றாவதில்தான் எனக்குப் பித்து என்பது இங்கே பலருக்குத் தெரியும்.

உள்தணிக்கையாளர்களுக்கான பன்னாட்டு நிறுவனம் நியூயார்க்கில் தொடங்கப்பட்டது 1941இல். அமெரிக்காவில் கல்லூரி, பல்கலைக்கழகத் தணிக்கையாளர்களுக்கென்று தனிச் சங்கம் 1958இலேயே வந்துவிட்டது. ஏன் தனியாக? தொழிற்சாலைத் தணிக்கையாளரிடம் போய், மறுமதிப்பீட்டுக் கட்டணம் வசூலாகியும் விடைத்தாள் மறுமதிப்பீட்டுக்குப் போகவில்லை, ஆய்வுத் திட்டம் முடிந்த பிறகும் உதவித்தொகை ஓடிக்கொண்டிருக்கிறது, எத்தனால் இருப்பு ஏட்டுக்கும் குடுவைக்கும் பொருந்தவில்லை என்று சொன்னால் அவருக்கு எங்கே தொடங்குவது என்றே புரியாது. நமக்குப் புரியும். ஆனால் நம்மில் பலர் தத்தம் பல்கலைக்கழகத்தில் ஒற்றை ஆள். பக்கத்து நாற்காலியில் கேட்க யாரும் இல்லை.

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். இதற்கு ஒரு கதை இருக்கிறது. நம் வட்டத்தில் சொல்லிச் சொல்லி மெருகேறிய கதை. எந்த ஊர், எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்காதீர்கள்.

மூன்று துறைகள். மூன்றின் இருப்புப் பதிவேட்டிலும் ஆளுக்கொரு ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர். கரைசல் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று அளக்கும் கருவி. ஒரு ஆள் தூக்கித் தள்ளுவண்டியில் வைத்துவிடலாம். தணிக்கையாளர் திங்கள்கிழமை முதல் மாடிக்குப் போனார். கருவி இருந்தது, முகப்பில் சொத்து எண் ஸ்டிக்கர் இருந்தது, டிக் போட்டார். செவ்வாய்க்கிழமை இரண்டாம் மாடி. கருவி இருந்தது, ஸ்டிக்கர் இருந்தது, டிக். புதன்கிழமை மூன்றாம் மாடி. அங்கே உதவியாளர், “சார், இதை ரெண்டு மாசமா யாரும் தொடவே இல்லை, உறை போட்டே வெச்சிருக்கோம்” என்றார். தணிக்கையாளர் சும்மா ஒரு ஆதரவுக்காகக் கருவியின் மேல் கையை ஊன்றினார். விளக்குப் பெட்டி சுட்டது! ரெண்டு மாதம் ஓடாத கருவிக்குக் காய்ச்சலா? மெல்லத் திருப்பிப் பார்த்தார். முதுகில் உற்பத்தியாளர் அறைந்த உலோகத் தகடு. அதில் ஒரு வரிசை எண். முதல் மாடிக்கு ஓடினார், மேசை காலி. “சர்வீஸுக்குப் போயிருக்கு” என்றார்கள். இரண்டாம் மாடியிலும் அதே சர்வீஸ்!

சிரிக்கலாம். ஆனால் பிழை எங்கே? ஸ்டிக்கர் நாம் ஒட்டுவது, உரித்து ஒட்டலாம். தகட்டு எண் கருவியோடு பிறந்தது. பதிவேட்டில் அந்த எண்ணுக்குக் கட்டமே இல்லை. அடுத்த பிழை, மூன்று மாடியை மூன்று நாளாகப் பார்த்தது. ஒரே வகைக் கருவிகளை ஒரே நாளில், முன்னறிவிப்பின்றிப் பார்க்க வேண்டும். இன்னொன்று, பதிவேட்டிலிருந்து கருவியைத் தேடினால் மட்டும் போதாது. கண்ணில் பட்ட கருவியிலிருந்து பதிவேட்டுக்கும் போக வேண்டும், அப்போதுதான் கணக்கில் ஏறாத பொருளும் வெளியே வரும். கருவியின் முதுகைப் பார்க்கத் தெரிந்துகொண்டோம், சரி. நம் முதுகை யார் பார்ப்பது?

2025 ஜனவரி 9 முதல் நடைமுறையில் இருக்கும் உலகளாவிய உள்தணிக்கைத் தரநிலைகள் 5 பகுதிகள், 15 கோட்பாடுகள், 52 தரநிலைகள் கொண்டவை. அதில் ஐந்தாண்டுக்கு ஒருமுறையேனும் வெளியார் வந்து நம் தணிக்கைப் பிரிவை மதிப்பிட வேண்டும் என்று இருக்கிறது. மதிப்பிட வருவோரில் ஒருவராவது சி.ஐ.ஏ., அதாவது ‘சான்றளிக்கப்பட்ட உள்தணிக்கையாளர்’ என்ற சான்றிதழ் பெற்றவராக இருக்க வேண்டும். உளவு நிறுவனம் அல்ல, துணைவேந்தர் அவர்கள் கவலைப்பட வேண்டாம். தனியார் நிறுவனத்தைக் கூப்பிட்டால் கட்டணம். ஒற்றை ஆள் பிரிவுக்கு அந்தப் பணம் எங்கிருந்து வரும்? அதனால் பலர் தள்ளிப்போடுகிறார்கள். சிலர், நீ என்னைப் பார், நான் உன்னைப் பார்க்கிறேன் என்று இருவராகக் கைகோர்க்கிறார்கள். அது செல்லாது. இருவர் மாறி மாறி மதிப்பிட்டுக்கொள்வதைச் சார்பற்றதாகத் தரநிலைகள் ஏற்பதில்லை. மூன்று பேரோ அதற்கு மேலோ வட்டமாகச் சேர்ந்தால் ஏற்க இடமுண்டு.

இந்த வட்டத்தை அமைப்பதுதான் வலையமைப்பின் முதல் வேலை என்கிறேன். அ ஆவைப் பார்க்கட்டும், ஆ இயைப் பார்க்கட்டும், இ அவைப் பார்க்கட்டும். செல்பவர்கள் இருவர், தங்குவது மூன்று நாள். பயணமும் தங்குமிடமும் அழைப்பவர் செலவு, கட்டணம் கிடையாது. ஆறு வாரம் முன்பே தணிக்கைப் பிரிவின் அதிகாரத்தையும் பொறுப்பையும் வரையறுக்கும் தணிக்கைச் சாசனம், மூன்றாண்டுத் தணிக்கைத் திட்டம், முடிந்த தணிக்கைகளின் முழுப் பட்டியல் ஆகியவை கைக்கு வந்துவிட வேண்டும். பட்டியலிலிருந்து ஐந்து கோப்புகளை வருபவர்தான் பொறுக்க வேண்டும். இதில்தான் பெரும்பாலும் கெடும். அழைப்பவர் பொறுக்கித் தந்தால் வெள்ளையடித்த கோப்புதான் வரும். அங்கே வேலை பார்த்தவர், பார்க்கப் போகிறவர், உறவினர் உள்ளவர் போகக் கூடாது. எழுத்தில் வாக்குமூலம் தர வேண்டும். ஆண்டு முடிவுக் கணக்கு மாதத்திலும் மாணவர் சேர்க்கை மாதத்திலும் தேதி வைக்கவே கூடாது, ஆளும் கிடைக்காது, கோப்பும் கிடைக்காது. அறிக்கை நேராக ஆட்சிக்குழுவின் தணிக்கைக் குழுவுக்குப் போக வேண்டும். தணிக்கைத் தலைவரின் மேசையில் அது தங்கினால், ‘இணங்கவில்லை’ என்ற சொல் தேநீர் ஆறுவதற்குள் ‘பெரும்பாலும் இணங்குகிறது’ ஆகிவிடும். நண்பர்தானே என்ற தாட்சண்யம் உள்ளே நுழைகிற கதவு அது. மறுபடி சொல்கிறேன், தன் முதுகு தனக்குத் தெரியாது. தெரிந்தவனும் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனால் என்ன பயன்?

பயிற்சி பற்றியும் சொல்வதாகச் சொன்னேன். அடுத்தவர் பணித்தாளை மூன்று நாள் புரட்டுவதைவிடப் பெரிய பயிற்சி எனக்குத் தெரியவில்லை. நிதி பற்றிப் பொருளாளர் பேசுவார், அவருடைய நேரத்தையும் நான் தின்றுவிட்டேன். தலைவர் மணியைக் கையில் எடுத்துவிட்டார்.

வாசலருகே மேசையில் விருப்பப் படிவம் இருக்கிறது. ஒரு தாளில் மூன்று பல்கலைக்கழகங்களுக்கு இடம். இரண்டு மட்டும் நிரப்பிய தாளை வாங்க வேண்டாம் என்று அங்கே இருக்கிறவரிடம் சொல்லியிருக்கிறேன். மூன்றாமவர் கிடைக்கவில்லை என்றால் உணவு இடைவேளையில் தேடிப் பிடியுங்கள். நன்றி, வணக்கம்.