பையின் கணக்கும் தேநீரின் கணக்கும்

நேயர்களுக்கு என் வணக்கம்.

2025 நவம்பர் முதல் நம் இலங்கைக் கடைகளில் பொலித்தீன் சொப்பிங் பேக்கை இலவசமாகக் கொடுக்கக்கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்திருக்கிறது. துணிப்பையோடு கடைக்குப் போங்கள் என்ற அறிவுரையும் அதனுடன் சேர்ந்தே வருகிறது. அந்த அறிவுரையை மறுக்க விரும்புவோர் எடுத்துக்காட்டும் ஓர் எண் உண்டு. டென்மார்க்கின் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, சேதன முறையில் விளைந்த பருத்தியில் தைத்த பையொன்று, அந்நாட்டுச் சுப்பர் மார்க்கெட்டில் கிடைக்கும் சாதாரண பிளாஸ்டிக் பை ஒன்றுக்குச் சுற்றாடல் சுமையில் ஈடாக வேண்டுமானால் 20,000 தடவை பயன்பட வேண்டும். நாளொன்றுக்கு ஒரு தடவை என்றாலும் 54 ஆண்டுகளுக்கு மேல்.

இந்த எண் பொய்யல்ல. ஆனால் அது எந்தக் கேள்விக்கு விடையாக வந்தது என்பதைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொல்வது, என் பார்வையில், பொய் சொல்வதற்கு வெகு அருகில் நிற்கிறது. அவ்வாய்வு காலநிலை மாற்றம், நீர்ப் பாவனை, நச்சுத்தன்மை, ஓசோன் படலச் சிதைவு என்று பல வகைத் தாக்கங்களைத் தனித்தனியே கணக்கிட்டது. அவற்றுள் பருத்திப் பைக்கு மிகவும் பாதகமாக அமைந்த ஓசோன் படலச் சிதைவிலிருந்தே 20,000 பிறந்தது. காலநிலை மாற்றத்தை மட்டும் எடுத்தால் அதே பைக்கு 149 தடவை போதும்; சாதாரண பருத்திப் பைக்கோ 52 தடவை. மேலும், ஒப்பீட்டுக்கு 22 லீற்றர் கொள்ளளவு அளவுகோலாக வைக்கப்பட்டிருக்க, சேதனப் பருத்திப் பை அதைவிடச் சிறியதாக இருந்ததால் ஒன்றுக்கு இரண்டாகக் கணக்கில் ஏறியது. பை சற்றுப் பெரிதாகத் தைக்கப்பட்டிருந்தால் விடை வேறாக இருந்திருக்கும்.

இன்னொன்றையும் நாம் கவனிக்க வேண்டும். பாவித்து முடிந்த பை டென்மார்க்கில் எரியூட்டப்பட்டு அதன் வெப்பம் மின்சாரமாகவும் வீடுகளைச் சூடாக்கவும் பயன்படுகிறது. தெருவில் வீசப்படும் பை அங்கே மிகச் சொற்பம் என்பதால் ஆய்வு அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. டென்மார்க்குக்கு அது நியாயமான முடிவு. ஆனால் 2017 ஏப்ரலில் மீதொட்டமுல்ல குப்பை மேடு சரிந்து 30க்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததைக் கண்ட, வெள்ளவத்தைக் கால்வாயில் பொலித்தீன் மிதப்பதை அன்றாடம் காண்கிற, அம்பாறைக் குப்பை மேட்டில் யானைகள் அதைத் தின்று மடிந்த செய்தியைப் படித்த நமக்கு, அந்த ஒரு விடுபடலே முழு முடிவையும் புரட்டிவிடப் போதுமானது.

ஒரு பொருளின் மூலப்பொருள் எடுக்கப்படுவதிலிருந்து, உற்பத்தி, போக்குவரத்து, பாவனை ஆகியவற்றினூடாக, அது கழிவாகும் வரை சுற்றாடலுக்கு ஏற்படும் சுமையைக் கூட்டிப் பார்க்கும் இந்த முறையை வாழ்க்கை வட்ட மதிப்பீடு என்கிறோம். குளிர்பானக் கொள்கலன்களை ஒப்பிடுவதற்காக 1969இல் கொக்கா-கோலா நிறுவனம் செய்வித்த ஆய்வு இதன் தொடக்கங்களுள் ஒன்று. இன்று சர்வதேச நியம அமைப்பான ஐ.எஸ்.ஓ.வின் 14040, 14044 ஆகிய நியமங்கள் இதை நெறிப்படுத்துகின்றன. கணக்கைத் தொடங்கும் முன்னரே எந்தப் பயன்பாட்டை ஒப்பிடுகிறோம், எல்லையை எங்கே வரைகிறோம் என்பவற்றை எழுதி வைக்க வேண்டும் என்பது அவற்றின் முதல் நிபந்தனை.

நம் தேநீரையே எடுத்துக்கொள்வோம். தோட்டத்தில் இடப்படும் நைதரசன் பசளையிலிருந்து வெளியேறும் நைதரசு ஒக்சைட்டு, 100 ஆண்டுக் கணக்கில், ஒரே நிறையுள்ள காபனீரொட்சைட்டைவிட 273 மடங்கு வெப்பமூட்டக்கூடியது. கொழுந்தை வாட்டுவதற்கும் உலர்த்துவதற்கும் தொழிற்சாலையில் விறகு எரிகிறது. பொதி செய்து கொழும்புத் துறைமுகத்தில் கப்பலேற்றியதோடு கணக்கை முடித்துவிட்டால் சுமை முழுவதும் நம் மலையகத்துக்கே உரியதாகத் தெரியும். எல்லையைக் குடிப்பவரின் அடுப்படி வரை நீட்டினால் கேத்தலும் உள்ளே வந்துவிடுகிறது. ஒரு லீற்றர் நீரை 25 பாகை செல்சியஸிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர, இழப்புகளைச் சேர்க்காமலே, ஏறத்தாழ 0.087 அலகு மின்சாரம் வேண்டும். 200 மில்லிலீற்றர் கோப்பை ஒன்றுக்காக முழு லீற்றரையும் கொதிக்க வைப்பவர் தேவைக்கு ஐந்து மடங்கு செலவிடுகிறார். நம் நாட்டிலே, நீரேந்துப் பகுதிகளில் நல்ல மழை பெய்த மாதத்தின் தேநீரும், நீர்த்தேக்கங்கள் வற்றி நுரைச்சோலை நிலக்கரி மின்னிலையத்தில் மேலும் தங்கியிருக்கும் மாதத்தின் தேநீரும் கணக்கில் ஒன்றல்ல.

எதனால் வகுக்கிறோம் என்பதும் விடையை மாற்றும். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடை செய்யப்பட்டது. 2021இல் ஏறத்தாழ 299 மில்லியன் கிலோகிராமாக இருந்த தேயிலை உற்பத்தி, எரிபொருள் தட்டுப்பாடும் சேர்ந்துகொண்ட 2022இல் 251 மில்லியனளவுக்கு இறங்கியது. பசளை குறைந்ததால் ஏக்கருக்கான உமிழ்வு குறைந்திருக்கும். விளைச்சல் வீழ்ந்ததால் மற்றச் சுமைகள் குறைந்த கிலோக்களின் மேல் ஏறியிருக்கும். கிலோவுக்கு எவ்வளவு என்று கேட்பவருக்கும் ஏக்கருக்கு எவ்வளவு என்று கேட்பவருக்கும் வெவ்வேறு விடைகளே கிடைக்கும். அரசியல் மேடையில் இந்த வேறுபாட்டைப் பேச எவருக்கும் பொறுமை இருக்கவில்லை.

அளந்ததை மக்களுக்குச் சொல்வது அளப்பதைவிடக் கடினம். 2007இல் பிரித்தானியாவில் வோக்கர்ஸ் நிறுவனத்தின் உருளைக்கிழங்குச் சீவல் (கிறிஸ்ப்ஸ்) பொதி மீது 75 கிராம் காபன் என்று அச்சிட்டார்கள். அது கூடுதலா குறைவா, எதனோடு ஒப்பிடுவது என்று வாங்குபவருக்கு எவ்விதத்திலும் தெரிய வழியில்லை. அந்நாட்டுச் சுப்பர் மார்க்கெட் நிறுவனமான டெஸ்கோவும் தன் பொருட்களுக்கு இத்தகைய இலச்சினையிடத் தொடங்கி, ஒவ்வொரு பொருளையும் கணக்கிட மாதக்கணக்கில் உழைக்க வேண்டியிருந்ததால் 2012இல் கைவிட்டது. தனி எண்ணைவிட, அதே வகைப் பொருட்களுக்கிடையில் இது எந்த நிலையில் நிற்கிறது என்று காட்டும் குறியீடு பயன்மிக்கது என்பது என் கருத்து. என் பொருள் உன் பொருளைவிடச் சிறந்தது என்று பகிரங்கமாக உரிமை கோருவதாயின், தொடர்புடைய தரப்பினர் அடங்கிய சுயாதீனக் குழுவொன்று ஆய்வை மீளாய்வு செய்ய வேண்டும் என்று ஐ.எஸ்.ஓ. 14044 கூறுகிறது. நம் கடைத் தட்டுகளில் காணும் 'சூழல் நேயமானது' என்ற பச்சை எழுத்துகளுள் எத்தனை இச்சோதனையில் தேறும் என்பதை நேயர்களின் ஊகத்துக்கே விட்டுவிடுகிறேன்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024/825 இலக்கப் பணிப்புரை, இத்தகைய ஆதாரமற்ற பொதுப்படையான உரிமைகோரல்களையும், வேறெங்கோ மரம் நட்டு ஈடுசெய்து தன் பொருளை 'காபன் நடுநிலையானது' என்று விளம்பரம் செய்வதையும் 2026 செப்டெம்பர் 27 முதல் தடை செய்கிறது. நம் ஆடைகள், தேயிலை, தென்னந்தும்புப் பொருட்கள் ஆகியன செல்லும் சந்தை அது. ஆகவே விறகு எத்தனை தொன், மின்சாரம் எத்தனை அலகு, டீசல் எத்தனை லீற்றர் என்ற பதிவு ஒவ்வொரு தொழிற்சாலையிலும் மாதந்தோறும் இருக்க வேண்டும். பதிவில்லாத தொழிற்சாலைக்காக, கணிப்பாளர் தரவுத்தளத்திலுள்ள உலகச் சராசரியை எடுத்து நிரப்பிவிடுவார். அச்சராசரியில் நம் நீர்மின்சாரத்தின் பங்கோ, இறப்பர் விறகின் பங்கோ தெரியாது. நன்றி, வணக்கம்.